திரும்பி வந்தவர்களிடம் கேட்கக் கூடாதது

அன்று கமலநாயகி உருளைக்கிழங்கு மசித்த வேகத்தைப் பார்த்தவர்கள், அவளுக்கும் கிழங்குக்கும் ஏதோ தீராத பகை என்றுதான் நினைத்திருப்பார்கள். கிழங்கு என்ன செய்யும், பாவம். அது எப்போதோ கூழாகிவிட்டது. இவள் கைதான் நிற்க மாட்டேன் என்றது.

மகள் மிதுஷா, மசித்த கிழங்கை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸ் கேட்டிருந்தாள். ஜெர்மனியின் பீலெஃபெல்டில் தமிழர் தலை காட்டும் எந்தக் கூட்டமும் றோல்ஸ் இல்லாமல் நடந்ததில்லை. ஆனால் இது தமிழர் கூட்டம் அல்ல. மிதுஷா நகரத்துப் பள்ளி ஒன்றில் சரித்திரம் படிப்பிக்கிறாள். அவளுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலுவைப் போரைப் பற்றி ஒரு நாடகம் போடுகிறார்கள். பெற்றோர், அயலவர், கோயில்காரர் என்று எல்லோரையும் அழைத்திருந்தாள். அதுவரைக்கும் கமலநாயகிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. முந்தைய நாள் பின்னேரம் மகள் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அம்மா, ஆர் வருகினம் தெரியுமோ? எங்களை வச்சிருந்த பாஸ்டர்! தேடிப் பிடிச்சிட்டன். நாடகம் முடிய ரெண்டு வார்த்தை பேசுறன் எண்டவர்."

அந்தப் பாஸ்டரின் பெயர் புறொக்மான். மிதுஷாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, கமலநாயகியின் அகதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, தாயையும் பிள்ளையையும் கொழும்புக்கு விமானம் ஏற்ற நாளும் குறித்துவிட்டார்கள். முன்னதாகவே வந்துவிட்ட கணவர் தியாகராசா ஹனோவரில் ஒரு சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தான் நாட்டில் நிற்கலாமா என்பதே தெரியாத அந்த மனுசனால் யாரைக் காப்பாற்ற ஏலும்? அப்போதுதான் புறொக்மான் தன் கிராமத்துத் தேவாலயத்தின் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். பொலிஸ் தேவாலயத்துக்குள் நுழையத் தயங்கும் என்பது அந்த நாட்டு வழக்கம். ஒரு குளிர்காலம் முழுவதும் தாயும் மகளும் அங்கே இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் முறை வைத்துச் சூப்பும் கம்பளிச் சட்டையும் கொண்டுவந்தார்கள். தியாகராசா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு வழக்கை மீண்டும் எடுத்தார்கள், விசா கிடைத்தது, எல்லோரும் மனுசராய் வாழ்ந்தார்கள்.

இவ்வளவும் ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத ஒன்றும் அதற்குள் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கமலநாயகி தானாகக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கினாள். மடியில் இருந்த மிதுஷாவுக்கும் வாங்கிக் கொடுத்தாள்.

மாறும்படி யாரும் அவளிடம் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. யாழ்ப்பாணத்தில் அவள் வளர்ந்த தெருவில், மிஷன் பள்ளியில் இடமும் சாப்பாடும் கிடைக்க மாறியவர்களைச் "சோத்துக்கு வேதம் மாறினவை" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். தேவாலயம் சோறு போட்டால் அதற்கு ஒரு விலை இருக்கும் என்பதைச் சின்ன வயதிலேயே மனதில் ஏற்றிக்கொண்டவள் அவள். இந்த வெள்ளைக்காரர் நாகரிகம் பார்த்துக் கேட்காமல் இருக்கிறார்கள், கேட்கும் வரை காத்திருப்பது மரியாதை இல்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். புறொக்மானோ, இந்தப் பெண்ணின் மனதில் விசுவாசம் முளைத்துவிட்டது என்று பூரித்துப்போனார். கிழமைக்கணக்காகப் படம் காட்டி விளக்கி, ஒரு புதன்கிழமை காலையில் தாயின் தலையிலும் மகளின் தலையிலும் மும்முறை தண்ணீர் வார்த்தார். ஒளிந்திருந்தவளின் ஞானஸ்நானம் என்பதால் அது எந்த அரசாங்கக் கந்தோர்ப் பதிவுக்கும் போகவில்லை. "என்ர மனுசனுக்குச் சொல்ல வேண்டாம்" என்று தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டாள். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

இப்போது தியாகராசா கோயில் சபைத் தலைவர். கோயில் என்றால் தொழிற்பேட்டையில் ஒரு பழைய களஞ்சியம்தான், ஆனாலும் முருகன் முருகன்தானே. ஒவ்வொரு திருவிழாவிலும் ஒலிவாங்கியைப் பிடித்தாரென்றால் ஒரே பேச்சுத்தான். "என்ர மனிசி ஒரு மாரி முழுக்கத் தேவாலயத்துக்குள்ள இருந்தவ. எங்கட சைவத்தை விட்டவவோ? ஒருநாள் திருநீறு பூசாம விட்டவ இல்லை!" சனம் கைதட்டும். கமலநாயகி அந்த நேரம் பார்த்து மடப்பள்ளிக்குள் புகுந்து, கிண்டத் தேவையில்லாத பொங்கலைக் கிண்டுவாள். வெள்ளிக்கிழமை விரதம் அவளுக்கு வேண்டுதல் இல்லை, தண்டனை. பாற்குடம் எடுக்கக் கேட்டால் தோள் நோகிறது என்பாள். அந்தத் தோள் நோவு எத்தனையோ வருடமாக வைத்தியம் காணாமல் இருக்கிறது. இந்த வருடம் சபை விடுவதாக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாவது பாற்குடம் கமலநாயகிதான் என்று அறிவித்தும் விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் வருகிறார், ஒலிவாங்கி முன்னால் இரண்டு வார்த்தை பேச.

அவளுடைய திட்டம் எளிமையானது. வேளைக்கே போய், கிழவரை ஒரு மூலைக்குக் கூட்டிப் போய், காலில் விழுந்தாவது வாயைக் கட்டிவிடுவது. நடந்தது என்னவென்றால், தியாகராசா வேட்டியைக் கட்டி அவிழ்த்து மறுபடியும் கட்டி, கடைசியில் காற்சட்டையே போட்டுக்கொண்டு வர, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஆனி மாதத்து வெயில் யன்னலெல்லாம் நின்றது. கோயில் மாதர் சங்கத்து ஞானமலர் அக்கா முன் வரிசையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அவர் காதில் விழுந்த செய்தி அன்றைக்கே டோர்ட்முண்ட் வரை போகும். தந்தி கூட அவ்வளவு வேகம் இல்லை.

"கமலா, இஞ்ச வாரும், இஞ்ச இரும்!"

"ஒரு நிமிசம் அக்கா, றோல்ஸைக் குடுத்திட்டு வாறன்."

புறொக்மான் தள்ளுநடை வண்டியைப் பிடித்தபடி வாசலில் வந்துகொண்டிருந்தார். நெடிய மனிதர் பாதியாகக் குறுகியிருந்தார். மிதுஷா பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். கமலநாயகி தட்டோடு பாய்ந்து போனாள்.

"பாஸ்டர், தயவுசெய்து, ஒரு விஷயம்…" என்றாள் ஜெர்மனில்.

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "கமலா," என்று அவள் கையைத் தட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் செய்யும் அந்தக் கிழங்குப் பண்டம்!"

"பாஸ்டர், அந்தப் புதன்கிழமை…"

"அம்மா, தொடங்கப் போறம், பிறகு கதையுங்கோ," என்று மிதுஷா அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டாள். அடுத்த கணம் தியாகராசா வந்து பாஸ்டரின் தோளைத் தட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இனி அவரை அங்கிருந்து கிளப்புவதற்குக் கிரேன்தான் கொண்டுவர வேண்டும். கமலநாயகி ஞானமலர் அக்காவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

நாடகம் தொடங்கியது. மிதுஷா ஒரு விதி வைத்திருந்தாள். யாரும் தன் சொந்தச் சமயத்தவர் வேடத்தில் நடிக்கக் கூடாது. உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை ரீனா பேராயராக வந்தாள். துருக்கிக் குடும்பத்து யூசுப், பருத்திப் பஞ்சுத் தாடியோடு, மைன்ஸ் நகரத்து யூதர்களின் பெரியவர். கத்தோலிக்கப் பெடியன் ஒருவன் ஜெருசலேமில் கடை வைத்திருக்கும் முஸ்லிம். எதையுமே நம்பாத பிள்ளைகளுக்கு அட்டை வாளும் மார்பில் துணிச் சிலுவையும் கொடுத்துச் சிலுவைப் படை ஆக்கியிருந்தாள். அவர்கள்தான் எல்லோரையும் விட உற்சாகமாகக் கத்தினார்கள்.

கதை இதுதான். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு வசந்த காலம். ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கப் போகிறோம் என்று புறப்பட்ட கூட்டம் ரைன் நதிக்கரை நகரங்களுக்கு வருகிறது. "கடவுளின் எதிரியைத் தேடி ஏன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறானே!" என்று ஒருவன் கேட்கிறான். உடனே எல்லா வாளும் யூதர் தெருப் பக்கம் திரும்புகின்றன. மேடையின் மறு மூலையில், ஜெருசலேம் கடைக்காரன் கையை விரிக்கிறான். "என்னைக் கொல்லத்தானே வெளிக்கிட்டவர்கள்? வழியில் ஏன் நின்றுவிட்டார்கள்?" சபை சிரித்தது. சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டது.

பேராயர் தன் மாளிகை முற்றத்தில் யூதர்களை ஒளித்து வைக்கிறார். சூப்பும் கம்பளியும் வருகின்றன. அந்த முற்றத்தை அவளுக்குத் தெரியும். இரவில் வாகனச் சத்தம் கேட்டால் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த முற்றம் அது. பிறகு கதவு திறபடுகிறது. பேராயர் ஓடிவிடுகிறார். ஞானஸ்நானத் தண்ணீரா வாளா என்று சிலுவைப் படையினர் கேட்கிறார்கள். அநேகர் வாளைத் தேர்ந்தார்கள், தங்கள் கையாலேயே பிள்ளைகளையும் தங்களையும் முடித்துக்கொண்டவர்களும் உண்டு என்று ஒரு பிள்ளை வாசித்தாள். ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்து, தண்ணீர் என்கிறாள்.

"மானங்கெட்டவள்," என்று முணுமுணுத்தார் ஞானமலர் அக்கா. "நானெண்டா செத்திருப்பன்."

கமலநாயகிக்கு வந்த கோபத்தில் அக்காவின் கைப்பையைத் தூக்கி எறிந்திருப்பாள். செத்திருப்பாவாம்! கடைசி ரயிலை விட்டதற்கே மூன்று பேருக்குத் தொலைபேசி எடுத்து அழுகிற மனிசி.

கடைசிக் காட்சி ஒரு வருடம் கழித்து. அரசன், வற்புறுத்தி மாற்றப்பட்டவர்கள் விரும்பினால் திரும்பலாம் என்கிறான். அந்தப் பெண் யூதர்களின் தொழுகைக் கூடத்து வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள், இவளைச் சேர்க்காதே, எங்கள் அண்ணன் செத்தான், இவள் வாழ்ந்தாள் என்று. பஞ்சுத் தாடி யூசுப் எழுந்து நிற்கிறான்.

"வந்தவளுக்கு இடம் விடுங்கள். இது எங்கள் முன்னோர் வைத்த கட்டளை. திரும்பி வந்தவரிடம் அந்த நாளை யாரும் நினைவுபடுத்தக் கூடாது. நேராகவும் கூடாது, குத்தலாகவும் கூடாது. கேட்கவே கூடாது."

விளக்கு அணைந்தது. இருட்டில் கமலநாயகி அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பெண் மீது பொறாமையாகவும் இருந்தது. அவளுக்கு முன்னால் வாள் இருந்தது, சொல்ல ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது, சூப்புத்தானே என்று நினைத்தாள்.

விளக்கு எரிந்ததும் கருத்துச் சொல்லும் நேரம். ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் தியாகராசா இருக்கையில் இருப்பாரா? எழுந்தார், தொண்டையைச் செருமினார், ஜெர்மனில் அதே பேச்சை அவிழ்த்தார். என் மனைவியும் பிள்ளையும் தேவாலயத்தில் ஒளிந்திருந்தார்கள், இந்த நல்ல மனிதர் சோறு போட்டார், ஆனாலும் என் மனைவி மாறவில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாவது பாற்குடம் அவள்தான் எடுக்கிறாள். சபை பலமாகக் கைதட்டியது. பிறகு மிதுஷா ஒலிவாங்கியைப் புறொக்மானிடம் நீட்டினாள்.

கிழவர் தள்ளுநடை வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"யூசுப் சொன்ன கட்டளையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை," என்றார் மெதுவாக. "இன்னொன்றையும் யாரும் படிப்பிக்கவில்லை. ஒருவருக்கு அடைக்கலம் கொடுக்கிறவன், அவர் தானாகத் தருவதைக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு அப்போது இளவயது. கமலா எனக்கு ஒன்று தந்தார். ஏன் தருகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், சந்தோசமாக வாங்கிக்கொண்டேன்."

ஞானமலர் அக்காவின் கழுத்து மெல்லத் திரும்பியது. "என்னத்தைக் குடுத்தனீர்?" என்றார். மிதுஷாவும் புருவத்தைச் சுருக்கித் தாயைப் பார்த்தாள்.

"றோல்ஸ்!" என்று கத்தினார் தியாகராசா. துள்ளி எழுந்து, மூலையில் இருந்த தட்டைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டினார். "றோல்ஸைத்தான் சொல்கிறார்! பாஸ்டர் ஒரே இருப்பில் பத்துச் சாப்பிட்டார்! வாருங்கள், வாருங்கள், சூடு ஆறப் போகிறது!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அட்டை வாளைப் போட்டுவிட்டுச் சிலுவைப் படை முதலில் ஓடி வந்தது. ஞானமலர் அக்காவும் கைப்பையோடு எழுந்தார். புறொக்மான் தியாகராசாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

கமலநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசன் எப்போதும் இப்படித்தான், எதையும் விளங்காமல் கூத்தடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தாள். தப்பியாயிற்று. ஆனால் தப்பியவளுக்கு வர வேண்டிய நிம்மதி வரக் காணோம். கொஞ்ச நேரத்தில் தியாகராசாவும் வந்து ஏறினார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் காரைக் கிளப்பவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் அவள். "எனக்குப் பாற்குடம் ஏலாது. தோள் இல்லை. நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்."

"வேணாம்."

"நீங்கள் கேளுங்கோ. அந்தத் தேவாலயத்தில நான்…"

"வேணாமெண்டு சொல்லுறன் எல்லே. அந்தப் பெடியன் என்ன சொன்னவன்? கேக்கக் கூடாதாம். நான் கேக்காம இருக்கிறன், நீர் ஏன் சொல்லுறீர்?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அந்த மாரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரேக்க பிள்ளை அந்தக் குசினித் தரையில இருந்து விளையாடினது. பொம்மையின்ர தலையில தேத்தண்ணிக் கோப்பையால தண்ணி வாக்குது. மூண்டு தரம். வாத்திட்டு ஆமென் எண்டுது. நீர் அடுப்படியில நிண்டு எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தீர். உம்மட முகத்தைப் பாத்தன். கேக்க மனம் வரேல்லை."

"அப்ப… கோயில்ல நீங்கள் பேசின பேச்சு?"

"நானே அப்பிடிப் பேசினா, வேற ஆர் வாய் திறப்பினம்? தலைவரின்ர மனிசியைப் பற்றி ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டுதான் பேசினனான். இண்டைக்குப் பாஸ்டர் தொடங்க, எனக்கு றோல்ஸைத் தவிர ஒண்டும் வாயில வரேல்லை."

நன்றி சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். கமலநாயகிக்கு வந்தது கோபம்.

"தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்களோ? நான் ஒவ்வொரு வெள்ளியும் பட்டினி கிடந்தன். உங்கட வாயில இருந்து அந்தக் கதை வாற நேரமெல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சன். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ? எனக்குக் காவல் இருக்கிறன் எண்டு என்னைத் தனிய விட்டிட்டியளே!"

ஒலிவாங்கி இல்லாவிட்டால் தியாகராசாவுக்குப் பேச்சு வராது. "பயத்தில செய்தனீர்," என்றார் கடைசியில். "பொலிஸுக்குப் பயந்து, பிள்ளைக்காக. அதைக் குத்தமெண்டு நான் நினைக்கேல்லை."

"பயத்தில கேட்டனான், அது உண்மை. சோறு போட்டவைக்குக் கடன் தீர்க்கிறதெண்டு நினைச்சன்." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா தண்ணி பட்ட நேரம் பயம் இருக்கேல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில இருந்து அண்டைக்குத்தான் நெஞ்சு ஆறினது. அந்தச் சுகத்துக்குத் தண்டனையாத்தான் நான் விரதம் இருந்தனான். மாறினதுக்கு இல்லை. உங்களுக்கு இப்ப அதுவும் தெரியும். இனி என்ன செய்யப் போறியள்?"

அவர் கைகள் சுக்கானில் இருந்தன. வாளுக்குப் பயந்து குனிந்தவளை மன்னிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு காலமும் அப்படி ஒருத்தியைத்தான் மன்னித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவள் வேறு ஒருத்தி. அவளுக்கு எந்தக் கட்டளையும் அவரிடம் இல்லை.

"தெரியேல்லை கமலா," என்றார். அவர் வாழ்நாளில் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பள்ளி வாசலில் மிதுஷா தென்பட்டாள். புறொக்மானை வாடகைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, வெறும் றோல்ஸ் தட்டை ஆட்டியபடி இவர்களை நோக்கி நடந்து வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும்," என்றார் தியாகராசா அவசரமாக. "இவ்வளவு நாளும் இருந்த மாதிரியே இருக்கட்டும். கட்டளை எல்லே, நினைவுபடுத்தக் கூடாதெண்டு."

"எனக்கு நினைவுபடுத்தக் கூடாது, சரி," என்றாள் கமலநாயகி. "அவளுக்கு அந்த நினைவே இல்லையே. அவளின்ர தலையில வாத்த தண்ணியை அவளுக்கு ஆர் சொல்லுறது?"

மிதுஷா வந்து கண்ணாடியில் தட்டினாள். "அம்மா, தட்டை விட்டிட்டு ஓடுறியள்!"

கமலநாயகி கண்ணாடியை இறக்கினாள். தட்டை வாங்கவில்லை.

"ஏறு பிள்ளை. உன்னோட கொஞ்சம் கதைக்கோணும்."

மிதுஷா தகப்பனைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்காமல், கையை நீட்டிப் பின் கதவின் பூட்டைத் திறந்துவிட்டார்.